நடந்து காட்டுங்க, சாமி

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் மருந்துக்கடையின் வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். கடைக்குள் போட இடம் இல்லாமல் இல்லை. வெளியே கிடந்தால்தான் நாலு பேர் பார்ப்பார்கள் என்று கடைக்காரர் அதை வெளியே போட்டிருந்தார். மூட்டு வலி, இடுப்பு வலி, குதிகால் வலி என்று யார் வந்தாலும் செட்டு மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்து அதில் உட்கார வைப்பார். அரை மணி நேரம் போகும். பிறகு கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்:

"எந்திரிங்க. நடந்து காட்டுங்க, சாமி."

அவர்களும் நடந்து காட்டுவார்கள். பஸ் நிறுத்தத்துக் கம்பம் வரை போய்த் திரும்பி வருவார்கள். அப்போது கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். வலி போனவருக்கு இருக்கும் சந்தோஷத்தைவிட அவருக்குத்தான் அதிகம் இருக்கும். யார் யார் பார்த்தார்கள் என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் அவருக்குப் பெருமையாகப் போய்விடும்.

அந்தக் கடையில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் சமையலறையை விட்டு வெளியே வராத ஆள் நான். என்னைவிடக் கணக்குத் தெரிந்தவர்கள், கலகலப்பாகப் பேசுகிறவர்கள் எல்லாம் அந்த வேலையைக் கேட்டு வந்தபோது அவர் என்னை எதற்குச் சேர்த்துக்கொண்டார் என்று அப்போது புரியவில்லை. பேசாத ஆள்தான் அவருக்குத் தேவைப்பட்டது.

கடைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்மசிஸ்ட் சர்டிபிகேட் தொங்கும். அதில் இருக்கும் போட்டோ ஆத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவருடையது. பதினொரு வருடத்தில் அந்த ஆளை நான் இரண்டே முறை பார்த்தேன். இரண்டு முறையும் தன் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். கடைக்காரர் படித்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர் என்று சொல்வார்கள். அந்த டாக்டர் போன பிறகு அவருடைய கைராசி மட்டும் தன்னிடம் தங்கிவிட்டது போல அவர் பேசுவார். காலையில் சாமி படத்துக்கு வைக்கிற பூவில் ஒன்றைக் கிள்ளி அந்தச் சர்டிபிகேட்டுக்கும் வைப்பார்.

செட்டு என்றால் நான்கு மாத்திரை. முதலாவது டைக்ளோபினாக், வலியையும் வீக்கத்தையும் அடக்குவது. இரண்டாவது டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு, அரிசி மாதிரி சின்னதாக வெள்ளையாக இருக்கும். மூன்றாவது வயிற்றுப் புண்ணுக்கு. நான்காவது நல்ல சிவப்பில் ஒரு கேப்சூல். ஊரில் எல்லாரும் அந்தச் சிவப்புதான் வலியை எடுக்கிறது என்று நம்பினார்கள். "அந்தச் செவப்பு மாத்தர செட்டுல ரெண்டு போடுங்" என்றுதான் கேட்பார்கள். அது வெறும் பி-காம்ப்ளக்ஸ். அவர் அதைத் திருத்தவே மாட்டார். "செவப்புன்னா சாமானியமா சாமி? அது ஸ்ட்ராங்கு" என்பார்.

அட்டையோடு மாத்திரையைக் கொடுக்க மாட்டார். பின்பக்கம் மருந்தின் பெயர் இருக்குமே, அதனால்தான். ஒவ்வொரு மாத்திரையையும் பிதுக்கி எடுத்து, சின்னக் காகித உறையில் போடுவோம். அவசரத்துக்கு அட்டையை வெட்டிக் கொடுத்தால்கூட எழுத்து பாதியில் அறுபடுகிற மாதிரி கத்தரிக்கோலைக் குறுக்கே விடச் சொல்வார். எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் வேலை அதுதான். பெயர் தெரிந்தால் வேறு கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்று நான் நினைத்தேன். அது பாதிக் காரணம். மருந்துக்குப் பெயர் இருந்தால் வலியை எடுத்தது மருந்து என்று ஆகிவிடும். பெயர் இல்லாவிட்டால் எடுத்தது அவர்.

ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் கிழங்குத் தோல் சீவுகிற ஒரு பெண் ஒருநாள் வந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஏனுங், கால ஊனவே முடியலீங். ஊசி ஊசியாக் குத்துதுங்."

"எத்தன நாளா?"

"மூணு நாளா இருக்குதுங்."

"மூணு நாளா என்ன பண்ணுனீங்க? ஒரு போன் போட்டிருந்தா நானே ஊட்டுக்கு வந்திருப்பனல்ல சாமி?"

அவ்வளவுதான் விசாரணை. வயிற்றுப் புண் உண்டா, சர்க்கரை உண்டா, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா, ஒரு கேள்வி கிடையாது. விழுங்கினாள், உட்கார்ந்தாள், நடந்தாள். கண்ணில் தண்ணீர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றாள். கடைக்காரருக்கு அந்த நாள் முழுவதும் காபியே தேவைப்படவில்லை. வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அவள் ஆலையிலேயே கறுப்பாக வாந்தி எடுத்து விழுந்தாள் என்று சேதி வந்தது. வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். கடைக்காரர் சேதியைக் கேட்டுவிட்டு, "கெழங்கு மில்லுத் தண்ணியக் குடிச்சா வேறென்ன ஆகும்?" என்றார். அப்புறம் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அவசரமாக வேலை செய்யாத மருந்து எதுவும் அவருக்கு மருந்தே இல்லை. போர் போடுகிற ரிக் வண்டியின் டிரைவர் ஒருவர், டாக்டர் எழுதிய சீட்டோடு வந்தார். கால் கட்டைவிரலில் வாதம். ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்ற உப்பு கூடி, மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகிற நோய் அது. கவுட் என்பார்கள். வீக்கம் வடிய ஐந்து நாளைக்கு ஒரு மருந்தும், வடிந்த பிறகு தினமும் ஒன்று வீதம் வருடக்கணக்கில் சாப்பிட அல்லோபியூரினால் என்ற மாத்திரையும் டாக்டர் எழுதியிருந்தார். இரண்டாவது மருந்து வலியைத் தொடாது. உப்பு சேராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இத எப்பத் திங்கறது, எப்ப வலி போறது? நீங்க ஆந்திராவுல போயி நாலு போர் போட்டுட்டு வந்துருவீங்க, இது அப்பத்தான் கண்ணு முழிக்கும்."

"டாக்டரு டெய்லி போடச் சொன்னாருங்."

"அவுரு சொல்லுவாரு. வண்டிய அவுரா ஓட்டறாரு?"

டிரைவர் செட்டு வாங்கிக்கொண்டு போனார். டாக்டர் சீட்டு எடைக்கல்லுக்கு அடியில் பல நாள் கிடந்து, பிறகு குப்பைக்குப் போனது. நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருடம்தான் என் கணவருக்குக் கட்டைவிரல் வீங்கியது.

அவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். முந்தின நாள் ஒரு காதுகுத்து விருந்து. ஈரலும் குடலும் நன்றாகச் சாப்பிட்டிருந்தார். விடியும்போது வலது கால் கட்டைவிரல் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து மினுங்கியது. போர்வை நுனி பட்டாலே கத்தினார். ஏற்கெனவே பிரஷருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அன்றைக்கு ஒரு பாடியை முடித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று, மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து என்னோடு கடைக்கு வந்தார். கடைக்காரர் அவரைப் பார்த்ததும் ஸ்டூலைத் தானே துடைத்துப் போட்டார்.

அரை மணி நேரம் ஆனது. என் கணவர் கம்பம் வரை நடந்து போய்த் திரும்பி வந்து, அப்படியே பட்டறைக்குப் போனார். அன்றைக்குக் கடைக்காரர் மேல் எனக்கும் மரியாதை வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

மாதம் ஒரு முறை வந்த வலி, பிறகு இரண்டு முறை வந்தது. பிறகு வலி வந்துவிடக் கூடாது என்று வலி இல்லாத நாளிலும் செட்டு. நான் வேலை செய்கிற இடத்திலேயே கிடைப்பதால், சாயந்திரம் என் சாப்பாட்டுத் தூக்கில் போட்டுக் கொண்டுவருவேன். எங்கள் வீட்டில் அது உப்பு, புளி மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வருடத்தில் அவர் கன்னம் உப்பி முகம் வட்டமானது. தெருவில் எல்லாரும் "ஆளு தெளிஞ்சுட்டாரு" என்றார்கள். கடைக்காரர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்: "நம்ம அம்மிணி ஊட்டுக்காரரப் பாத்தீங்களா? எலும்பும் தோலுமா இருந்த மனுசன். நம்ம மருந்துல எப்புடித் தேறீட்டாரு!" சாயந்திரத்தில் என் கணவரின் கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி எழுந்து வர நேரமாகும். அதையும் நாங்கள் தெளிச்சி என்றுதான் நினைத்தோம்.

ஒரு கோடையில் ஒரு கோழிப் பண்ணைக்காரர் கடைக்கு வந்தார். வெயிலில் முட்டைக் கோழிகள் கால் நொண்டி, சுருண்டு உட்கார்கின்றன என்றார். கால்நடை டாக்டர் இரண்டு நாள் ஊரில் இல்லை. வேறு யாராக இருந்தாலும் டாக்டர் வரட்டும் என்று அனுப்பியிருப்பார்கள். கடைக்காரர் கால்குலேட்டரை எடுத்தார்.

"மனுசன் அறுவது கிலோ. கோழி ஒன்னரக் கிலோ. கணக்குத்தானுங்களே! வலி மாத்தரையப் பொடி பண்ணித் தண்ணித் தொட்டில கலக்கி உடுங்க. சாயந்தரம் எந்திரிச்சு நடக்கும் பாருங்க."

கோழியையும் நடக்க வைத்துப் பார்க்க அவருக்கு ஆசை.

நான்காம் நாள் பண்ணைக்காரர் உரச் சாக்கு ஒன்றோடு வந்தார். வந்த வேகத்தில் அதிலிருந்து ஒரு கோழியை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் போட்டார். கால்நடை டாக்டர் அறுத்துப் பார்த்த கோழி. நெஞ்சு இரண்டாகப் பிளந்து கிடந்தது. எனக்கு நேர் எதிரில். ஈரலின் மேல், இதயத்தின் மேல், யாரோ சுண்ணாம்புத் தூளைப் பிடிப்பிடியாகத் தூவிய மாதிரி வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. கிட்னி இரண்டும் வெளுத்து வீங்கியிருந்தன.

"ஒரு கொட்டாயிக் கோழியே போச்சுதுங்க! காலைல போனா அள்ளி அள்ளிப் போடறோம்!"

"தீவனத்துல சுண்ணாம்பு எச்சாயிருக்கும் சாமி."

"தீவனமில்லீங்க! டாக்டரு நெஞ்சத் தொறந்ததும் கேட்ட மொதக் கேள்வியே வலி மாத்தர குடுத்தயான்னுதான். கிட்னி வேல செய்யாம, வெளிய போக வேண்டிய உப்பெல்லாம் உள்ளயே படிஞ்சுருச்சாமா. மனுசனுக்குக் கால் வெரல்ல வருதல்ல, அதே உப்பாமா. கோழிக்கு நெஞ்சுல."

"கோழி கிட்னியும் மனுசன் கிட்னியும் ஒண்ணா? என்ன சாமி பேசறீங்க!"

மாத்திரைக் கணக்குப் போட்டபோது மட்டும் இரண்டும் ஒன்றாக இருந்தன. பண்ணைக்காரருக்கு அது தோன்றவில்லை. கத்திக் கத்தி ஓய்ந்து, சாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்ணாடியை நான்தான் டெட்டால் போட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க என் கணவரின் கணுக்கால் குழிதான் கண்ணில் நின்றது.

அன்று சாயந்திரம் கடையில் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும் வரை பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்கண்ணா, கோழிக்குக் குடுத்த அதே மாத்தரயத்தானுங்களே எங்க ஊட்டுக்காரரும் டெய்லி திங்கறாரு?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, உங்க ஊட்டுக்காரரு என்ன முட்டையா போடறாரு?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லார் முன்னாலும் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது. அன்று சாயந்திரமும் தூக்கில் செட்டு போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். நாமக்கல்லில் மொத்தக் கடைக்குச் சரக்கு எடுக்கப் போன என்னிடம் கடைக்காரர் போனில் சொன்னார்: "எம்பட ரிப்போர்ட்டு லேப்புல இருக்கும் அம்மிணி. வரும்போது வாங்கியாந்துரு." வாங்கினேன். உறை ஒட்டியிருக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அடுத்தவர் காகிதத்தைப் பிரித்தது தப்புதான்.

யூரிக் ஆசிட். அடுத்த வரியில் கிரியேட்டினின், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுகிற பரிசோதனை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்திருந்த பழைய அளவுகளும் வரிசையாக இருந்தன. கூடவே சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் மூட்டு டாக்டர் ஒருவரின் சீட்டு. அல்லோபியூரினால், தினமும் ஒன்று, நிறுத்தக் கூடாது. அதற்குக் கீழே வலி மாத்திரை எதுவும் எடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. என்னுடைய பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் அதற்குப் போதும்.

அவருக்கும் அதே நோய். என் கணவருக்கு இருந்த அதே நோய். எப்போதோ ஒரு வாரம் அவர் நொண்டி நொண்டி நடந்து, "புதுச் செருப்பு கடிச்சுருச்சு" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த ஒரு வாரத்தில் ஒரு நாளும் அவர் செட்டைத் தொடவில்லை. ரிக் டிரைவரைப் பார்த்துச் சிரித்தாரே, "எப்பத் திங்கறது, எப்ப வலி போறது" என்று, அந்த மெதுவான மாத்திரையைத்தான் அவர் தினமும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்துகொண்டிருந்தார்.

அதுவரை அவரை ஒன்றும் தெரியாமல் ஆடுகிற மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். அறியாமை என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தறிக்காரரிடம் போய், "எந்திரிங்க, நடந்து காட்டுங்க சாமி" என்றார்.

வீட்டில் நான் பட்ட பாடு தனி.

"இனிமே நாங் கொண்டார மாட்டனுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் குடுத்துப் பாக்கலாமுங்க."

"நீ கொண்டாராட்டி நாம்போயி வாங்கிக்கறேன். எனக்குக் காலு தெரியாதா?"

"வீங்கிக் கெடக்குதுங்களே?"

"வெல்டிங்குல நின்னு வேல செஞ்சா வீங்கத்தான் செய்யும். டாக்டருகிட்டப் போனா படுக்கோணுமுன்னு சொல்லுவாங்க. படுத்தா சோறு யாரு போடறது? அந்த மனுசன் மட்டும் இல்லீன்னா நான் எப்பவோ மொடங்கியிருப்பேன்."

பட்டறை ஷூவுக்குள் கால் நுழையாத நாள் வந்த பிறகுதான் கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா வயதில் சின்னவர். பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "என்ன மாத்திரை சாப்பிட்டாருன்னு யாருக்குமே தெரிய மாட்டேங்குது இந்தப் பக்கம். எல்லாரும் செவப்பு மாத்திரைங்கறாங்க" என்று சலித்துக்கொண்டார். நான் நான்கின் பெயரையும் அளவோடு சொன்னேன். எத்தனை நாள், எத்தனை வேளை என்பதையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க நர்ஸா?"

"மருந்துக்கடைல வேல பாக்கறனுங்க."

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்துத்தான் பேசினார். வலி மாத்திரை கிட்னிக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம் என்றார். வெள்ளையாக இருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு சுருண்டுவிடும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும் என்றார். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய கிரியேட்டினின் மூன்றரை இருந்தது. கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஆனால் இனி ஒரு வலி மாத்திரைகூடக் கூடாது, போட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டியிருக்கும் என்று என் கணவரிடம் இரண்டு தடவை சொன்னார். வாதத்துக்கு அந்த மெதுவான மாத்திரையைச் சின்ன அளவில் ஆரம்பித்தார். ஆரம்பத்தில் வலி ஒரு முறை வந்தே தீரும், வந்தால் வாத வீக்கத்தை அடக்கும் கோல்சிசின் அரை மாத்திரை, ஐஸ் ஒத்தடம், ஓய்வு, அதற்கும் அடங்காவிட்டால் இங்கே வாருங்கள் என்றார்.

மறுநாளே வேலையை விட்டேன். "என்ன அம்மிணி, கோவிச்சுக்கிட்டயா? பயமுறுத்தறதுக்குத்தான டாக்டருங்கெல்லாம் படிச்சிருக்கறாங்க" என்றார் கடைக்காரர். சொல்ல நினைத்ததை எல்லாம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வீடு வந்தேன். பிறகு ஒரு பள்ளிக்கூட விடுதியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

டாக்டரம்மா சொன்னபடியே ஆறாம் வாரத்தில் வலி வந்தது. முன்னெப்போதும் இல்லாத வலி. என் கணவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அரை மாத்திரை கொடுத்தேன். அதற்கு மேல் கொடுத்தால் வயிற்றால் போகும் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு புள்ள. ஒரே ஒரு செட்டு. உனக்குத்தான் பேரெல்லாம் தெரியுமல்ல? எந்தக் கடைலயாச்சும் வாங்கியா. உன்னையக் கையெடுத்துக் கும்புடறேன்."

காலை பதினொன்றரை மணி இருக்கும். வீட்டில் ஐஸ் தீர்ந்துவிட்டது. முக்கில் இருக்கும் ஜூஸ் கடையில் வாங்கிக்கொண்டு திரும்பினால் வாசலில் கடைக்காரரின் ஸ்கூட்டர் நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போனதும் என் கணவர் போன் போட்டிருக்கிறார். கடையை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார் அந்த மனிதர். அப்படி ஒரு சந்தர்ப்பத்தை அவர் விடுவாரா?

என் கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் நான்கு மாத்திரை. கடைக்காரர் எதிரில் நாற்காலியில் இருந்தார்.

"வா அம்மிணி. ஒரு டம்ளர் தண்ணி கொண்டா. மனுசன் துடிச்சுக்கிட்டுக் கெடக்கறாரு, நீ ஐஸக் காட்டி வெளையாட்டுக் காட்டறயா?"

நான் தண்ணீர் கொண்டுவரப் போகவில்லை. கையில் ஐஸ் பொட்டலம் சொட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் தண்ணீர் இல்லாமலே விழுங்கிவிடுவார் என்று தெரியும். பிடுங்கினால் என்னைத் தள்ளிவிடுவார். பட்டறைக் கை. மருந்தைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் கடைக்காரர் ஒரு சிரிப்பில் தள்ளிவிடுவார். என்ன பேசுவது என்று யோசிக்கவே இல்லை, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஏனுங்கண்ணா, உங்குளுக்குக் கிரியேட்டினின் எத்தனைங்க?"

உனக்கெதற்கு என்று கேட்டிருக்கலாம். பேச்சை மாற்றியிருக்கலாம். ஆனால் அவரைப் பற்றி அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைத்தால் அவரால் விட முடியாது.

"எனக்கா? பாயிண்ட் ஒம்பது! இருவது வயசுப் பையனுக்கு இருக்கற மாதிரி இருக்குதுன்னு ஃபேர்லேண்ட்ஸ் டாக்டரே சொல்லீட்டாரு."

என் கணவர் தலையைத் தூக்கினார்.

"உங்குளுக்கு எதுக்குங்க அதயப் பாக்கறாங்க?"

"இதே நோவுதான். யார உட்டுது இது?"

"வலி வந்தா நீங்க இதயத்தான் போடறீங்களா?"

கடைக்காரர் சிரித்தார். கோபமோ கள்ளமோ அந்தச் சிரிப்பில் இல்லை. சின்னப் பிள்ளைக்குப் புரிய வைக்கிற மாதிரி, அன்பாகத்தான் சொன்னார்.

"எனக்கெதுக்குங்க இது? நான் ஒக்காந்து யாவாரம் பண்றவன். வலிச்சா நாலு நாள் படுத்துக்குவேன். நீங்க அப்புடியா? நாளைக்குப் பட்டறைக்குப் போகோணுமல்ல? ஒழைக்கற ஒடம்புக்குத்தான் இது வேணும், சாமி."

என் கணவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு வலியில் துடித்தது. பிறகு கையை அப்படியே சாய்த்தார். மாத்திரைகள் தரையில் விழுந்து மூலைக்கொன்றாக ஓடின.

"நானும் நாலு நாள் படுத்துக்கறனுங்க" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடைக்காரர் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார் போல. பிறகு எழுந்து, குனிந்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டு நான்கு மாத்திரைகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கினார். ஒவ்வொன்றாக ஊதித் தூசியைத் தட்டினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைக்குக் கிளம்பினார்.